கம்பாலாவின் போடா, கிகாலியின் மோட்டோ: பின்னிருக்கையில் ஒன்பது ஆண்டுகள்

கம்பாலாவில் ஐந்தரை ஆண்டுகள், கிகாலியில் மூன்றரை ஆண்டுகள். இந்த ஒன்பது ஆண்டுகளில் என்னிடம் சொந்த வண்டி இருந்ததில்லை. ஆய்வகம், சந்தை, மகளின் பள்ளி என்று எங்கே போனாலும் வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைதான். உகாண்டாவில் அதற்குப் போடா போடா என்று பெயர், ருவாண்டாவில் மோட்டோ. "இரண்டு நாட்டிலும் இருந்திருக்கிறாயே, குடும்பத்தோடு வர எது நல்லது?" என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் சம்பளத்தையும் வாடகையையும்தான் முதலில் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் ஒரு நகரம் தன் மக்களை எப்படி நடத்துகிறது என்பதை எனக்குக் காட்டியவை இந்த இரண்டு இருக்கைகள். எனவே அவற்றுக்கே மதிப்புரை எழுதுகிறேன்.

போடா என்ற சொல் எல்லையில் பிறந்தது. கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவே இருக்கும் புசியாவில், இரண்டு சோதனைச் சாவடிகளுக்கு இடையே ஆட்களைச் சைக்கிளில் ஏற்றிப் போனவர்கள் "பார்டர், பார்டர்" என்று கூவியது நாளடைவில் போடா போடா ஆனது. இன்று கம்பாலாவில் எந்தத் தெரு முனையிலும், எந்த மரத்தடியிலும் ஐந்தாறு போடாக்கள் நிற்கும். அந்த இடத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். வீட்டு வாசலைத் தாண்டினாலே "நியாபோ, துகெண்டே!" என்று குரல் வரும். அம்மா, போகலாம் வாருங்கள் என்று பொருள்.

நாங்கள் 2017 தொடக்கத்தில் புகோட்டோவில் குடியேறினோம். ஆய்வகம் பழைய கம்பாலாவில், ஆறு ஏழு கிலோமீட்டர் தொலைவு. அங்கே டாக்ஸி என்றால் பதினான்கு பேர் அமரும் வெள்ளை வேன். வன்டெகேயா சந்திப்பில் அது மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். போடாவில் இருபதே நிமிடம். நான்காயிரம் ஷில்லிங், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 75 ரூபாய். காலையில் மகளை எனக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உட்கார வைத்து, கம்வோச்சாவில் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தலைக்கவசம்கூடக் கிடையாது. முதல் மாதம் முழுவதும் கையை அவள் வயிற்றின் குறுக்கே இறுக்கிப் பிடித்திருப்பேன், இறங்கும்போது விரல்கள் மரத்திருக்கும். இரண்டாம் மாதம் பழகிவிட்டது. அப்படிப் பழகியதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பயணமாக மட்டும் பார்த்தால் போடாவுக்கு நிகர் கிடையாது. வழியில் நகசேரோ சந்தையில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். மடோக்கே என்ற வாழைக்காய்த் தாரை முன்னால் டாங்க் மேல் வைத்துக்கொள்வார். சாலையோரத்தில் பலாப்பழம் அறுத்து விற்கும் பெண்ணிடம் அவரே பேரம் பேசித் தருவார். மழை அடித்தால் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, ரோலெக்ஸ் வாங்கிக்கொண்டு கதை பேசலாம். முட்டையை ஊற்றிச் சப்பாத்தியோடு சுருட்டித் தருவதற்கு அங்கே ரோலெக்ஸ் என்று பெயர். கதை என்றால் சாதாரணக் கதையா! 1986 முதல் ஒரே ஆட்சி என்பதிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை, சாலைப் பள்ளங்களிலிருந்து பெண் கொடுக்க மாமனார் கேட்கும் பசுக்கள் வரை எதையும் ஒளிக்காமல் பேசுவார்கள். 2018இல் வாட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டபோது, அதை எப்படிச் சுற்றிப் போவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு போடா ஓட்டுநர்தான்.

ஆனால் பள்ளங்கள். 2023இல் கம்பாலாவாசிகள் சாலைப் பள்ளங்களின் படங்களை இணையத்தில் குவித்து அதற்குக் கண்காட்சி என்றே பெயர் வைத்தார்கள். நான் அப்போது கிகாலியில் இருந்தேன். அந்தப் படங்களில் இரண்டு பள்ளங்கள் எனக்கு நேரில் பழக்கமானவை. ஒன்றில் 2019 மழைக்காலத்தில் விழுந்தேன். பெரிய அடி இல்லை, ஆனால் சூடான சைலன்சர் வலது கெண்டைக்காலில் பதிந்துவிட்டது. கம்பாலாவில் பல பெண்களின் காலில் அதே இடத்தில் அதே வடு இருக்கும். எதிரில் வருபவள் காலைப் பார்த்தாலே இவளும் போடாக்காரி என்று தெரிந்துவிடும். முலாகோ மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் கிடப்பவர்களில் பலர் இந்த வண்டிகளில் அடிபட்டவர்கள். 2014இல் அங்கே தொடங்கிய சேஃப்போடா ஆரஞ்சு நிறத் தலைக்கவசத்தோடு ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஓட்டுநரிடம் ஒன்று, பயணிக்கு ஒன்று. முன்கூட்டியே கட்டணம் தெரியும், ஓட்டுபவரின் பெயரும் தெரியும். தனியாகப் போகும்போது நான் அதையே தேடினேன். மகளோடு போகும்போது அது உதவவில்லை. ஒரு வண்டிக்கு ஒரு பயணி என்பது அவர்கள் விதி. அப்போது மரத்தடிப் போடாவுக்கே திரும்பினேன்.

நாங்கள் நாடு மாறக் காரணம் சாலை இல்லை, பள்ளி. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய உகாண்டாப் பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில்தான். உலகிலேயே மிக நீண்ட பள்ளி மூடல்களில் அது ஒன்று. என் மகளுக்காவது வீட்டில் கணினி இருந்தது, இணைய வகுப்பு இருந்தது. எங்கள் ஸ்டேஜில் இருந்த ஓட்டுநர் ஒருவரின் மகள் பதினான்கு வயதில் படிப்பை விட்டுச் சந்தையில் தக்காளி விற்கப் போனாள். பள்ளி திறந்தபோது அவள் திரும்பவில்லை. போடாவில் பயணிகளை ஏற்றக் கூடாது, சரக்கு மட்டும்தான் என்று சில மாதங்கள் தடை இருந்தபோது அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் என்னிடம் கடன் கேட்டதில்லை. அரிசி மூட்டை தூக்கி வந்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

2022 ஜூனில் பேருந்தில் கிளம்பினோம். மூன்று ஆண்டு மூடிக்கிடந்த கதூனா எல்லை அந்த ஆண்டுதான் திறந்திருந்தது. ஐந்நூறு கிலோமீட்டர். எல்லையைத் தாண்டியதும் இடப்பக்கம் வந்த பேருந்து வலப்பக்கத்துக்கு மாறியது, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. கையிலிருந்த பிளாஸ்டிக் பைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ருவாண்டாவில் அவற்றுக்கு 2008 முதல் தடை. கருவேப்பிலையை மடியில் கொட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கிகாலியில் மூன்றாம் நாள் காலை, பழக்கத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு மோட்டோவைக் கை காட்டினேன். வந்து நின்றவர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒரு விரலைக் காட்டினார். ஒருவர் மட்டும். நான் கெஞ்சினேன், குழந்தைதானே என்றேன், இரட்டைக் கூலி என்றேன். அவர் கோபப்படவே இல்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் பயணிக்கான தலைக்கவசத்தைத் தூக்கிக் காட்டி, "இது ஒன்றுதான் இருக்கிறது, இவளுக்குப் போட்டால் உனக்கு?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று நடந்தோம். கச்சிருவில் வீட்டிலிருந்து பள்ளிக்கு இருபத்தைந்து நிமிடம், பாதிக்கு மேல் ஏற்றம். அன்றிலிருந்து தினமும் நடந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் நடைபாதை, புல் வெட்டியிருக்கும், சாக்கடை மூடியிருக்கும். விடியற்காலையில் சீருடை அணிந்த பெண்கள் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். "ம்வாரமுட்சே" என்று என் மகள் அவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லப் பழகினாள். கம்பாலாவில் ஓட்டுநரின் முதுகுக்கும் எனக்கும் நடுவே மூச்சு முட்டிப் பள்ளிக்குப் போன குழந்தை, கிகாலியில் வழி முழுவதும் என்னோடு பேசிக்கொண்டே வந்தாள். அந்த மூன்று ஓட்டுநர்களும் மறுத்ததற்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

மோட்டோ எப்படி என்று கேட்டால்: சுத்தம், நிதானம், மலிவு. பெரும்பாலான வண்டிகள் நம் ஓசூர் டிவிஎஸ். ஓட்டுநர் எண் எழுதிய மேலங்கி போட்டிருப்பார். வேகத்தைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு அங்கே சோபியா என்று செல்லப் பெயர். சோபியா நிற்கும் இடங்களில் எல்லா வண்டியும் பசு மாதிரி போகும். வீட்டிலிருந்து ரெமேராவில் ஆய்வகத்துக்கு ஐந்து கிலோமீட்டர். 2022 தொடக்கத்தில் மீட்டர் கட்டாயமானபோது முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 400 பிராங்க், பிறகு கிலோமீட்டருக்கு 117 என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் எனக்கு 750 பிராங்க், ஐம்பது ரூபாய்க்குச் சற்று மேல். பாதிப் பேர் மீட்டரைப் போடுவதில்லை, பேசித்தான் ஏற வேண்டும். இருந்தாலும் கம்பாலாவை விடக் குறைவு. இப்போது மின்சார மோட்டோக்களும் நிறைய. பேட்டரி தீர்ந்தால் நிலையத்தில் கழற்றி மாற்றிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். சத்தமும் இல்லை, சைலன்சரும் இல்லை. என் காலுக்கு அது பெரிய செய்தி.

குறை, பொதுத் தலைக்கவசத்தின் வியர்வை நாற்றம். உள்ளே போட மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். ஐந்துக்கு மோட்டோவுக்கு நான்கரை கொடுப்பேன். போடாவுக்கு மூன்று. அந்த மூன்றும் ஓட்டுபவர்களுக்காக.

இனி வீட்டுக் கணக்கு. புகோட்டோவில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ஷில்லிங், கச்சிருவில் அதே அளவுக்கு ஐந்து லட்சம் பிராங்க். நாங்கள் நாடு மாறிய 2022இல் டாலரில் பார்த்தால் கிகாலி நூறு டாலருக்கு மேல் கூடுதல். இரண்டு ஊரிலும் மின்சாரம் முன்கட்டணம்தான், கைப்பேசியில் பணம் கட்டி எண்ணை மீட்டரில் அழுத்த வேண்டும். கம்பாலாவில் இடி இடித்தால் மின்சாரம் போகும், தண்ணீர் நிற்காது; விக்டோரியா ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. கிகாலியில் மின்சாரம் பெரும்பாலும் நிலையாக இருந்தது. தண்ணீர்தான் மேட்டுப் பகுதிக்கு ஏறாமல் மூன்று நான்கு நாள் நின்றுவிடும். மேல்நிலைத் தொட்டி இல்லாத வீட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். இருபது லிட்டர் மஞ்சள் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேடேறி வரும் இளைஞர்களை நம்பி இரண்டு வாரம் சமைத்திருக்கிறேன்.

சாப்பாட்டில் கம்பாலாவே மேல். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. உளுந்து, புளி, பெருங்காயம், கருவேப்பிலை என்று எல்லாம் கிடைக்கும். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972இல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு கொடுத்து ஆசியர்களை விரட்டினார். அவர்களில் ஒரு பகுதியினர் தொண்ணூறுகளில் திரும்பி வந்து சொத்துகளை மீட்டுக் கடைகளைத் திறந்தார்கள். கம்பாலாவில் எனக்கு உளுந்து விற்றவர் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்; கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் தன் பாட்டி பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு உகாண்டாக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதையும், திரும்பியபோது அவை அப்படியே இருந்ததையும் சொல்லியிருக்கிறார். கிகாலியில் இந்தியக் கடைகள் சிலதான். கடல் இல்லாத நாடு, மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் சரக்கு கம்பாலாவைத் தாண்டி இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் வர வேண்டும். விலையில் அது தெரியும். ஆனால் கிகாலியில் பால் கடை என்று ஒன்று உண்டு. உட்கார்ந்து பால் மட்டும் குடிப்பதற்கான கடை. இகிவுகுட்டோ என்ற புளித்த பாலை ஒரு பெரிய குவளையில் ஊற்றித் தருவார்கள். நம் கெட்டி மோருக்கு ஒன்றுவிட்ட அக்கா. வீட்டுக்கு வாங்கிப் போய் உப்பும் இஞ்சியும் போட்டால் வெயில் காலத்துக்கு வேறொன்றும் வேண்டாம்.

இருட்டிய பிறகு வெளியே போவதில் கிகாலியை எதுவும் நெருங்க முடியாது. இரவுப் பணி முடிந்து ஒன்பதரைக்கு மோட்டோவில் வந்து, வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்கி நடந்திருக்கிறேன். கையில் கைப்பேசி, காதில் அம்மாவின் குரல். கம்பாலாவில் ஏழு மணிக்கு மேல் கைப்பேசியை வெளியே எடுத்ததே இல்லை. பின்னிருக்கையில் இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு இரண்டு முறை நடந்தது. பெண்ணாக, தாயாக, இந்த ஒன்றுக்காகவே கிகாலியைத் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் அந்த ஒழுங்கின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை பொய்யாகிவிடும். கூடையில் அவகாடோ வைத்துக்கொண்டு தெருவில் விற்கும் பெண் கிகாலியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விற்றாலும் அபராதம், வாங்கினாலும் அபராதம். ஒரு மாலை என் மோட்டோவுக்கு முன்னால் அப்படி ஒருத்தி முதுகில் குழந்தையோடு ஓடினாள். கூடை கவிழ்ந்து காய்கள் சரிவில் உருண்டன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. நானும் இறங்கவில்லை. கம்பாலாவிலும் நடைபாதைக் கடைகளை விரட்டுகிறார்கள், ஆனால் மறுநாள் அவர்கள் அங்கேயே இருப்பார்கள். மோட்டோ ஓட்டுநரும் அப்படித்தான் நெருக்கப்படுகிறார். உரிமம், காப்பீடு, சங்கம், தவணை என்று ஒவ்வொன்றுக்கும் கட்ட வேண்டும். ஒரு சோபியா படம் மூன்று நான்கு நாள் வருமானத்தைத் தின்றுவிடும் என்றார் என்னை வழக்கமாக ஏற்றிச் செல்பவர். இதைச் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். கிகாலியில் பின்னிருக்கை அமைதியானது. அரசியல் பேச மாட்டார்கள். நான் பேசினாலும் வானிலையைப் பற்றிப் பதில் வரும்.

அந்த அமைதியில் வேறொன்றும் இருக்கிறது என்பது ஏப்ரலில் புரிந்தது. 1994 ஏப்ரல் 7இல் தொடங்கி நூறு நாட்கள் நடந்த துட்சி இனப்படுகொலையை அந்த மாதம் நினைவுகூர்கிறார்கள். நினைவு வாரத்தில் ஊரில் இசை இருக்காது. கிசோசியில் இரண்டரை லட்சம் பேரைப் புதைத்திருக்கும் நினைவிடத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். என்னோடு வேலை செய்பவர், என் வயதுதான் இருக்கும், அந்த வாரம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கள் வீட்டில் நான் மட்டும்" என்றார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு கிகாலியின் அமைதியைக் குறையாக யாரிடமும் சொன்னதில்லை.

என் தொழில் ரத்தம் எடுப்பது என்பதால் மருத்துவம் பற்றிக் கொஞ்சம். கம்பாலாவில் ஊசியைக் குத்துவதற்கு முன் நோயாளி விலை கேட்பார். மலேரியாப் பரிசோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் எழுதியிருந்தால், "இரண்டில் எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்பார். எத்தனையோ பேருக்கு நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன், அது என் வேலையே இல்லை என்று தெரிந்தும். தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதா 2021இல் உகாண்டா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டமாகவில்லை. ருவாண்டாவில் மித்துவேலி என்று மக்கள் வாயில் புழங்கும் சமூகக் காப்பீடு இருக்கிறது. 2022இல் பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு ஆளுக்கு 3,000 பிராங்க், மிக ஏழைகளுக்கு அரசே கட்டிவிட்டது. என் வழக்கமான மோட்டோக்காரரின் மனைவிக்குச் சிசேரியன் ஆனபோது மருத்துவமனையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கட்டினார். புகோட்டோ ஸ்டேஜில் எனக்குத் தெரிந்த ஒருவர் அதே சிகிச்சைக்குத் தன் வண்டியை விற்றார். இருவரும் ஒரே வேலை செய்பவர்கள்.

ஆகவே கேட்பவர்களுக்கு: சின்னக் குழந்தை இருந்தால், தனியாகப் போய்வரும் பெண்ணாக இருந்தால், கிகாலி. கடை வைக்க வேண்டும், தொழில் தொடங்க வேண்டும், நாலு பேரோடு உரக்கப் பேசிச் சிரித்து வாழ வேண்டும் என்றால் கம்பாலா. வாடகைக்கும் சந்தைக்கும் கையில் குறைவாக இருந்தாலும் கம்பாலா. உடம்புக்கு ஒன்று வந்தால் மட்டும் அந்தக் கணக்கு தலைகீழாகும்.

போன டிசம்பரில் பள்ளி விடுமுறைக்குக் கம்பாலா போனோம். பழைய ஸ்டேஜில் மூவர் இன்னும் இருந்தார்கள். வண்டியை விற்றவர் இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறார். என் மகள் அவர் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அவர் பழைய நினைவில் பெட்ரோல் டாங்குக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, பின்னால் இருவருக்கும் இடம் தட்டிக் காட்டினார். என் மகள் ஒரு விரலைக் காட்டினாள். ஒருவர் மட்டும்.

அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டார். கிகாலியில் வாங்கிய என் தலைக்கவசத்தை அவளுக்கு மாட்டிவிட்டேன். அவள் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். வன்டெகேயா நெரிசலில் அவளுடைய வெள்ளைத் தலைக்கவசம் மறையும்போதெல்லாம் நான் என் ஓட்டுநரின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் முன்னால் போகிறவருக்குக் கேட்கும்படி வழி முழுவதும் கத்திக்கொண்டு வந்தார்: "ம்போலா! ம்போலா!" மெதுவாக, மெதுவாக.